மிதிபட்ட நிலமும் செவிவாயிலும்

திருக்குறளின் பொருட்பாலில் கல்வி, கல்லாமை, கேள்வி, அறிவுடைமை என்னும் அதிகாரங்கள் 40 முதல் 43 வரை வரிசையாக அமைந்துள்ளன. கல்விக்கும் அறிவுக்கும் இடையே கேள்வியை வைத்த வள்ளுவர் பெருந்தகையின் வைப்புமுறை சிந்தனைக்குரியது. நூல்களைக் கற்றவனும் கேளாதவழி அறிவுடையான் ஆகான் என்பது அவ்வைப்பின் குறிப்பு எனக் கொள்ளலாம். அவ்வதிகாரத்துள் அவர் கூறும் கருத்தொன்று நம்மை நின்று எண்ணச் செய்வது. சான்றோர் சொல் துளைத்துச் செல்லாத காது, ஒலியைக் கேட்டாலும் செவிடே என்கிறார் அவர். காது திறந்திருப்பது பிறவியால் வருவது. கேட்கும் ஆற்றலோ பெற்றுப் பேண வேண்டுவது.

இக்கருத்துக்கு நெருங்கிய உறவுடைய ஒரு தொடர் விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் உண்டு. அரசர் முதல் நூலின் மூன்றாம் அதிகாரத்தில், இளைஞனாகிய சாலமோன் அரியணை ஏறியதும் இறைவன் அவன் கனவில் தோன்றி, வேண்டுவது யாதெனக் கேட்கிறார். சாலமோன் நீண்ட வாழ்நாளை வேண்டவில்லை. செல்வத்தையும் பகைவர் உயிரையும் வேண்டவில்லை. மக்களுக்கு நீதி வழங்கவும் நன்மை தீமைகளைப் பிரித்தறியவும் வல்ல ஒரு நெஞ்சத்தை வேண்டுகிறான். அந்நெஞ்சத்திற்கு எபிரேய மூலம் தரும் அடைமொழி ‘கேட்கின்ற’ என்பதாகும். நமது பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அவ்விடத்தில் ஞானத்தைக் குறிக்கும் சொல்லைப் பெய்துள்ளது. பொருளால் அது பிழையன்று. ஆயினும் ஞானம் செவி வழியே நெஞ்சுக்கு வருவது என்னும் மூலத்தின் அழகு அதனால் மறைந்துவிடுகிறது.

கேட்கின்ற நெஞ்சம், அஃதாவது இறைமொழிக்குத் திறந்திருக்கும் நெஞ்சம், கிறித்தவ இலக்கியம் ஈராயிரம் ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் பாடிவரும் பொருள்களுள் தலையாயது. அப்பொருளை நிலமாகவும் நகர வாயிலாகவும் வீட்டுக் கதவாகவும் உருவகித்த சில ஆக்கங்களை ஈண்டு எடுத்துக்கொண்டு, அவ்வுருவகங்கள் எதனை உணர்த்துகின்றன, எங்கே தடுமாறுகின்றன என ஆராய்வது நம் நோக்கம். சமயச் சார்பு எதுவாயினும் இலக்கியச் சுவைஞர் அனைவர்க்கும் இவ்வாய்வு உரியதே.

நால்வகை நிலம்

முதலில் கருதத்தக்கது விதைப்பவன் உவமை. மத்தேயு நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்திலும், மாற்குவின் 4-ஆம் அதிகாரத்திலும், லூக்காவின் 8-ஆம் அதிகாரத்திலும் இது இடம்பெற்றுள்ளது. உழவன் ஒருவன் விதைக்கிறான். சில விதைகள் வழியருகே விழுந்து பறவைகளுக்கு இரையாகின்றன. சில பாறை நிலத்தில் விழுந்து விரைவில் முளைத்து, வேரில்லாமையால் வெயிலில் கருகுகின்றன. சில முட்செடிகளிடையே விழுந்து நெருக்குண்டு பயனற்றுப் போகின்றன. எஞ்சியவை நன்னிலத்தில் விழுந்து பன்மடங்கு விளைகின்றன. விதை இறைமொழி, நிலம் கேட்போர் நெஞ்சம்.

இவ்வுவமையை நான்கு வகை மனிதர்களின் பட்டியலாகக் கொள்வதே பெருவழக்கு. கல்நெஞ்சர் சிலர், உணர்ச்சிவயப்படுவோர் சிலர், உலகக் கவலையில் மூழ்கியோர் சிலர், நல்லோர் சிலர் எனப் பிரித்து, கேட்போர் தம்மை நான்காம் வகையிலும் அயலாரை முதல் மூன்றிலும் வைத்து மனநிறைவு அடைவதுண்டு. இவ்வாறு கொள்வது உவமையின் உயிரையே போக்கிவிடும் என்பது நம் கருத்து. பாறை பாறையாகவே பிறந்து பாறையாகவே கிடக்குமாயின், ‘கேட்கச் செவியுள்ளவன் கேட்கட்டும்’ என்னும் பொருள்பட இயேசு பெருமான் அழைப்பு விடுத்தது எதற்கு? மாறவியலாத நிலத்திடம் யாரும் மன்றாடுவதில்லை அன்றோ?

மூன்று நற்செய்தியாளரும் நன்னிலத்தைப் பற்றிக் கூறும் வினைச்சொற்களை ஒப்பிட்டு நோக்கினால் இவ்வுண்மை மேலும் புலனாகும். நன்னிலமாகிய நெஞ்சினர் கேட்கிறார்கள் என்பதில் மூவரும் ஒன்றுபடுகின்றனர். கேட்டபின் செய்வது யாது என்பதில் வேறுபடுகின்றனர். கேட்டு உணர்கிறார்கள் என்பது மத்தேயு. கேட்டு ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது மாற்கு. கேட்டு இறுகப் பற்றிக்கொண்டு பொறுமையோடு பயன் தருகிறார்கள் என்பது லூக்கா. உணர்தல் அறிவின் தொழில். ஏற்றல் விருப்பின் தொழில். பற்றிக் காத்தல் காலத்தோடு செய்யும் தொழில். இம்மூன்றும் வினைகளே என்பதை மறத்தலாகாது. நன்னிலம் என்பது பிறப்பால் அமைந்த பண்பன்று. செய்யப்படுவதும் தொடர்ந்து செய்யப்பட வேண்டுவதும் ஆகும்.

மைய அரசு அலுவலகங்களில் பணிபுரியும் நம்மனோர் பலர்க்கு ஒரு காட்சி பழக்கமானது. சுற்றறிக்கை ஒன்று மேசை மேசையாகச் செல்லும். ஒவ்வொருவரும் அதன் ஓரத்தில் சுருக்கொப்பமிட்டு அடுத்தவருக்கு அனுப்புவர். இறுதியில் அது கோப்பில் சேர்க்கப்படும். கண்டவர் பலர், செய்தவர் இலர். இறைமொழியும் இவ்வாறு கண்ணுற்றுக் கோப்பில் சேர்க்கப்படும் நிலையைத்தான் உவமையின் முதல் மூன்று நிலங்களும் காட்டுகின்றன. அவை மூன்றும் விதையை மறுக்கவில்லை என்பது நோக்கத்தக்கது. மூன்றின் மேலும் விதை விழுகிறது. மூன்றும் ‘கேட்டன’ என்றே விளக்கம் கூறுகிறது.

மிதித்தது யார்?

வழியருகு நிலத்தைச் சற்றுக் கூர்ந்து நோக்குவோம். அந்நிலம் ஏன் இறுகியது? வயலின் பிற பகுதிகளுக்கும் அதற்கும் மண்ணில் வேற்றுமை இல்லை. பலர் நடந்தமையால் அது இறுகியது. லூக்கா மட்டும் அவ்விடத்து விதை மிதிபட்டது என ஒரு சொல்லைக் கூடுதலாகத் தருகிறார். நாள்தோறும் போவோரும் வருவோரும் மிதித்து மிதித்து மண் வழியாகிவிட்டது. நெஞ்சை இறைமொழிக்கு மூடுவது பகைமையே என எண்ணுகிறோம். உவமையின் முதல் நிலமோ அதனினும் நுட்பமான காரணத்தைக் குறிப்பாகக் காட்டுகிறது: அது பழக்கம். எவர் காதில் அச்சொல் மிகுதியாக விழுகிறதோ அவர் நெஞ்சே வழியாகும் ஆபத்து மிகுதி.

இங்ஙனமாயின் அந்நிலத்திற்கு விடிவு இல்லையா? செருமானிய அறிஞர் யோவாக்கிம் எரேமியாஸ் 1947-இல் வெளியிட்ட உவமை ஆய்வு நூலில், பாலத்தீன நாட்டில் முதலில் விதைத்துப் பின்னர் உழும் வழக்கம் இருந்தது என்றும், ஆதலின் வழியிலும் முள்ளிலும் விதைப்பது உழவனின் கவனக்குறைவு அன்று என்றும் எழுதினார். இதனை மறுப்பாரும் உளர். அவ்வழக்கு எவ்வாறாயினும், தரிசை உழுங்கள் என்னும் அறைகூவல் ஓசியா, எரேமியா ஆகிய இறைவாக்கினர் நூல்களிலேயே உள்ளது. முட்களிடையே விதையாதீர் என்று எரேமியா சேர்த்துரைக்கிறார். விதைப்பவன் உவமையைக் கேட்ட யூத மக்களுக்கு இவ்வறைகூவல்கள் பழக்கமானவை. எனவே இறுகிய நிலம் உழப்படலாம், முள் களையப்படலாம் என்னும் எண்ணம் அவ்வுவமைக்கு வெளியிலிருந்து நாம் ஏற்றுவது அன்று. அவ்வுவமை முளைத்த மரபிலேயே உள்ளது.

மாற்கு நற்செய்தியைக் கதைப்போக்கில் படித்துச் செல்வார்க்கு மற்றொரு சான்றும் கிடைக்கும். உவமையின் பொருளைத் தனியே கேட்டறிந்த சீடர்களைப் பற்றி 6-ஆம் அதிகாரத்திலேயே, அவர்கள் நெஞ்சம் இறுகியிருந்தது என்கிறார் ஆசிரியர். ஏழாம் அதிகாரத்தில் இயேசு, காது கேளாத ஒருவனை ‘எப்பத்தா’ என்னும் அரமேயச் சொல்லால் குணமாக்குகிறார். ‘திறக்கப்படு’ என்பது அதன் பொருள். எட்டாம் அதிகாரத்தில், காதிருந்தும் கேளீரோ என்று தம் சீடரையே கடிந்துகொள்கிறார். அடுத்து வரும் பெத்சாயிதா ஊர்க் குருடன் ஒரே முறையில் பார்வை பெறவில்லை. முதல் தொடுகையில் மனிதர் மரங்களைப் போல் தோன்ற, இரண்டாம் தொடுகையில்தான் தெளிவாகக் காண்கிறான். இவ்வரிசை தற்செயலானது என நம்மால் கொள்ள இயலவில்லை. அயலானின் செவி ஒரு சொல்லில் திறக்க, உடனிருந்து உண்ட சீடரின் செவியோ திறப்பதற்கு நாளாகிறது.

அச்சீடருள் முதல்வர் பேதுரு. அவர் பெயரும், உவமையில் பாறை நிலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் ஒரே வேரினின்று பிறந்தவை. மகிழ்ச்சியோடு உடனே ஏற்றுக்கொண்டு, துன்பம் வந்தவிடத்து இடறிவிழுவது பாறை நிலத்தின் இயல்பு எனப்படுகிறது. தலைமைக் குருவின் முற்றத்தில் மும்முறை மறுதலித்த பேதுருவின் கதை அதுவே. ஆயினும் அவர் கதை அங்கே முடியவில்லை. அழுத கண்ணீரில் பாறை நெகிழ்ந்தது. பட்டியலாக உவமையைப் படிப்பவர்க்குப் பேதுருவை எவ்விடத்தில் வைப்பது என்பது விடை காணா வினாவாகவே நிற்கும்.

இங்கே ஓர் இடர்ப்பாட்டையும் மறைக்காது கூறுதல் வேண்டும். உவமைகளால் பேசுவது ஏன் என்னும் வினாவுக்கு, ஏசாயாவின் கடுமையான வாக்கு ஒன்று விடையாக வருகிறது. மாற்கு அதனை ‘அவர்கள் கண்டும் காணாதபடி’ என்று நோக்கப் பொருளில் அமைக்கிறார். மத்தேயுவோ ‘அவர்கள் கண்டும் காணாமையால்’ என்று காரணப் பொருளில் அமைக்கிறார். நெஞ்சின் அடைப்பு இறைவன் செய்ததா, மனிதன் செய்துகொண்டதா என்னும் பெருவினா கிரேக்கத்தில் ஓர் இடைச்சொல்லின் வேற்றுமையில் தொங்குகிறது. பின்வந்த கிறித்தவ இலக்கியத்தின் பெரும்பகுதி இவ்வினாவோடு மல்லாடியதன் விளைவே எனலாம்.

செவிவாயில்

அவ்வாறு மல்லாடியவர்களுள் குறிப்பிடத்தக்கவர் ஜான் பனியன். 1628-இல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு நகருக்கு அருகே எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் பிறந்த இவர் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிச் செப்பனிடும் தொழிலர். இளமையில் உள்நாட்டுப் போரில் பாராளுமன்றப் படையில் பணியாற்றியவர். அரசின் இசைவின்றிச் சமயவுரை ஆற்றியமைக்காக 1660 முதல் 1672 வரை சிறையிருந்தவர். இவரது மோட்சப் பிரயாண நூலைத் தமிழுலகம் நன்கறியும். அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1682-இல் அவர் எழுதிய ‘புனிதப் போர்’ என்னும் உருவகக் கதையை அறிந்தோர் சிலரே.

மனித ஆன்மா என்று பொருள்படும் மான்சோல் என்பது அக்கதையின் நகரம். அதற்கு ஐந்து வாயில்கள். அவை செவி, கண், வாய், மூக்கு, மெய் என்னும் ஐம்பொறிகள். நகரின் நடுவே உள்ள கோட்டை நெஞ்சம். உள்ளிருப்போர் இசைந்தாலன்றி எப்பகைவனாலும் அவ்வாயில்களைத் திறக்க முடியாது என்று பனியன் தொடக்கத்திலேயே விதி வகுக்கிறார். தியபோலஸ் என்னும் பகைவன் செவிவாயிலில் நின்று இனிக்கப் பேசியே நகருள் புகுகிறான். புகுந்ததும் அவன் செய்யும் ஏற்பாடுகளுள் ஒன்று, செவிவாயிலுக்குப் புதிய காவல் அமைப்பது. காவல் தலைவன் ‘முன்முடிவு’ என்னும் கிழவன். அவன்கீழ் அறுபது படைவீரர், அனைவரும் செவிடர்.

இக்கற்பனையின் கூர்மை வியக்கத்தக்கது. பகைவன் செவிவாயிலைக் கல்லால் அடைத்துவிடவில்லை. கேட்கும் இடத்தில் கேளாதவர்களை அமர்த்திவிடுகிறான். எச்சொல் வந்தாலும், அது சொல்லி முடிக்கப்படுமுன் அதன் பொருளை முடிவு செய்துவிடும் கிழவன் ஒருவன் நம் ஒவ்வொருவர் வாயிலிலும் உண்டு. வள்ளுவர் கூறிய துளைபடாத செவியைப் பனியன் அறுபது செவிடர்களாக ஆக்கிக் காவலுக்கு நிறுத்திவிட்டார் என்று சொல்லத் தோன்றுகிறது. ஒருவரையொருவர் அறியாத இரு பேரறிஞர்களின் எண்ணம் ஒத்திருப்பது மகிழ்ச்சி தருவது.

எனினும் கதை தொடரும்போது உருவகம் தடுமாறுகிறது. நகரை மீட்க வரும் அரசகுமாரன் இம்மானுவேல் முற்றுகையிட்டு, இடிபொறிகளால் செவிவாயிலைத் தகர்த்தே உட்புகுகிறான். உள்ளிருப்போர் இசைவின்றி வாயில் திறவாது என்னும் தொடக்க விதி என்னாயிற்று? நகரை எழுப்பிய வேந்தனின் மைந்தன் தன் உடைமையையே மீட்கிறான், அவன் பகைவன் அல்லன் என்று பனியன் சார்பில் விடை கூறலாம். அவ்விடை நம்மை முழுதும் அமைதிப்படுத்தவில்லை. தகர்க்கப்பட்ட வாயிலைத் திறந்த வாயில் என்று சொல்லலாமா? முன்னாள் படைவீரரின் நினைவு ஈண்டுச் சமயச் சிந்தனையாளரை வென்றுவிட்டது என்றே கூற வேண்டும்.

இதே முற்றுகை உருவகத்தை ஜான் டன் என்னும் கவிஞர் முன்னரே கையாண்டுள்ளார். 1633-இல், அவர் இறந்து ஈராண்டுகளுக்குப் பின் அச்சேறிய சமயப் பாடல்களுள் ஒன்றில், தம் நெஞ்சைத் தாக்கி உடைக்குமாறு இறைவனை வேண்டுகிறார். பிறனால் கவரப்பட்ட நகரம் போன்றவன் யான் என்கிறார். அங்கே உருவகம் தடுமாறவில்லை. காரணம் யாது? உடைக்குமாறு வேண்டுபவன் உள்ளிருப்பவனே. திறக்க வலியற்ற கை, திறக்க விரும்பும் குரலோடு சேர்ந்து நிற்கிறது. விருப்பம் முன்சென்றுவிட்டமையால் தாக்குதல் வன்முறையாகத் தோன்றாமல் அருளாகத் தோன்றுகிறது. கதை வடிவில் பனியன் இழந்த ஒன்றை, வேண்டுதல் வடிவில் டன் பெற்றுவிட்டார்.

ஆயினும் பனியனின் பெருமை கதையின் நடுப்பகுதியில் வெளிப்படுகிறது. இம்மானுவேல் நகரில் குடிகொண்டு விருந்தளித்து வாழும் காலத்தில், மெத்தனத்தின் உருவாகிய ஒருவன் நகரத்தார் நடுவே செல்வாக்குப் பெறுகிறான். நம் நகரம் வலிமையுடையது, இனி அச்சமில்லை என்று அவன் சொல்லச் சொல்ல மக்கள் மகிழ்கின்றனர். அரசகுமாரனைக் காணச் செல்வது குறைகிறது. அவன் வருகிறானா போகிறானா என்பதையும் கவனியாது விடுகின்றனர். அவனோ சினந்து முழங்காமல் ஓசையின்றி நகரை விட்டு நீங்குகிறான். அவன் நீங்கியதை விருந்தொன்றில் ‘தெய்வ அச்சம்’ என்னும் முதியவர் எடுத்துரைக்கும் வரை ஒருவரும் உணரவில்லை. பகைவன் முதலில் வென்றபோது நகரம் ஏமாற்றப்பட்டது. இம்முறையோ ஏமாற்றுவார் வெளியே இருந்து வர வேண்டியதில்லை. வழியருகு நிலத்தின் பாடம் ஈண்டு மீண்டும் வருகிறது. அரண்மனைக்குச் செல்லும் பாதை பழகிப்போனவர்களே அரசனை இழந்தனர்.

கதவும் கைப்பிடியும்

புதிய ஏற்பாட்டின் இறுதி நூலாகிய வெளிப்பாட்டின் 3-ஆம் அதிகாரத்தில் கதவு உருவகம் வருகிறது. ஆண்டவர் கதவருகே நின்று தட்டுகிறார். குரல் கேட்டுத் திறப்பவனோடு உணவருந்துவதாக வாக்களிக்கிறார். இப்பகுதி நம்பாதோரை அழைக்கும் பகுதியாகவே பெரும்பாலும் எடுத்தாளப்படுகிறது. மூலத்தில் அது லவோதிக்கேயா நகரத்துச் சபைக்கு எழுதிய மடலின் முடிவில் உள்ளது. செல்வமுடையோம், குறை ஒன்றும் இல்லோம் என்று எண்ணி, தண்மையும் வெம்மையும் இன்றி வெதுவெதுப்பாய் இருந்த சபை அது. தம் பெயரால் கூடும் வீட்டுக்கு வெளியே ஆண்டவர் நிற்கிறார்! இடம் அறிந்து படிக்கும்போதுதான் இவ்வுருவகத்தின் கடுமை விளங்கும்.

ஆங்கில ஓவியர் ஹோல்மன் ஹண்ட் 1851 முதல் 1853 வரை வரைந்த ‘உலகின் ஒளி’ என்னும் ஓவியம் இக்காட்சியைத் தீட்டியது. மூல ஓவியம் ஆக்ஸ்ஃபோர்டு நகரின் கேபிள் கல்லூரியில் உள்ளது. விளக்கேந்திய இயேசு தட்டும் அக்கதவுக்கு வெளிப்புறத்தில் கைப்பிடி இல்லை. உள்ளிருந்தே திறத்தல் கூடும் என்பது குறிப்பு. பலரும் எடுத்துக்காட்டுவது இதுவே. நாம் அதனோடு மற்றொன்றையும் சுட்ட விரும்புகிறோம். கதவின் முன்னே களைகளும் கொடிகளும் மண்டிக் கிடக்கின்றன. உவமையின் முள் நிலம் கதவின் காலடிக்கே வந்துவிட்டது. திறக்கப்படாத கதவு நாளடைவில் நிலத்தோடு பிணிக்கப்படுகிறது. நாளைத் திறப்போம் என்பவர்க்கு நாளைய கதவு இன்றைய கதவைவிடக் கனமாயிருக்கும் என்பதனை ஓவியர் சொல்லின்றி உணர்த்துகிறார்.

அவ்வாறாயின் திறப்பது முழுவதும் மனிதன் செயல்தானா? அப்போஸ்தலர் பணிகள் நூலின் 16-ஆம் அதிகாரம் வேறொன்றைக் கூறுகிறது. தியத்தீரா ஊரினளாகிய லீதியாள் என்னும் செந்நிறத் துணி வணிகப் பெண், பிலிப்பி நகரின் ஆற்றங்கரையில் பவுலின் உரையைக் கேட்டாள். அவள் நெஞ்சை ஆண்டவர் திறந்தார் என்கிறது அந்நூல். ஒருபுறம் நெஞ்சைத் திறக்கும் ஆண்டவர், மறுபுறம் கதவைத் திறக்க வேண்டிய மனிதன். இரண்டும் ஒரே விவிலியத்தில் உள்ளன. ஆனால் லீதியாள் அன்று ஆற்றங்கரைக்கு வந்திருந்தாள் என்பதும், திறந்த நெஞ்சின் முதற்பயனாகத் தன் வீட்டுக் கதவைத் தூதர்க்குத் திறந்தாள் என்பதும் கவனிக்கத்தக்கவை. அருளும் முயற்சியும் எங்கே பிரிகின்றன எனக் கோடு போட அக்கதை இடம்தரவில்லை.

இந்நுட்பத்தைக் கவிதையில் எய்தியவர் ஜார்ஜ் ஹெர்பர்ட். சாலிஸ்பரி அருகே பெமர்டன் என்னும் ஊரில் குருவாக இருந்து 1633-இல் மறைந்த இவருடைய ‘ஆலயம்’ என்னும் தொகுதி அவ்வாண்டிலேயே வெளியாயிற்று. அதன் நடுப்பகுதியின் இறுதிப் பாடலில் அன்பு என்னும் விருந்தோம்புநன் கதவைத் திறந்து அழைக்கிறான். வந்தவன் தகுதியில்லை எனத் தயங்குகிறான். பணிவிடை செய்வேன், பந்தியில் அமரமாட்டேன் என்கிறான். அன்பு அவன் கையைப் பற்றி அமர்ந்து உண்ணச் செய்கிறது. இங்கே கதவு திறந்தே இருக்கிறது. மூடியிருப்பது விருந்தினனின் நெஞ்சு. அதனை மூடியதும் தீமை அன்று, பணிவு போல் தோன்றும் மறுப்பு. பனியனின் இடிபொறிகள் செய்யாததை ஹெர்பர்ட்டின் மென்சொல் செய்துவிடுகிறது என்பது நம் துணிபு.

தமிழில் விழுந்த விதை

இம்மரபு தமிழுக்கு வந்த வழிகளுள் ஒன்று எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம். 1827-இல் நெல்லைச் சீமையின் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858-இல் கிறித்தவம் தழுவியவர் இவர். பனியனின் மோட்சப் பிரயாணத்தைத் தழுவி, 3,700-க்கு மேற்பட்ட செய்யுட்களால் இவர் இயற்றிய இக்காப்பியம் 1894-இல் வெளிவந்தது. பனியனின் நூலில் இல்லாத இயேசுவின் பாடுகளை இவர் விரித்துப் பாடினார். இடையிடையே இசைப்பாடல்களையும் தேவாரம் என்னும் பெயராலேயே அமைத்தார்.

இச்சேர்க்கைகள் வெறும் அழகுக்காக வந்தவை அல்ல. பனியன் விளக்கிச் சொல்லும் இடத்தில் பிள்ளை உருகிப் பாடுகிறார். நிலம், வாயில், கதவு என்னும் உருவகங்களோடு, நெஞ்சு உருகுதல் என்னும் தமிழ்ப் பத்தி மரபின் உருவகத்தையும் அவர் கிறித்தவ இறைமொழிக்கு உரிமையாக்கினார். உழுதல் வெளியிலிருந்து நிகழ்வது, தகர்த்தலும் அவ்வாறே. உருகுதலோ வெளியிலிருந்து வரும் வெம்மையால் உள்ளிருந்தே நிகழ்வது. மெழுகை நெருப்பு உருக்குகிறது. எனினும் உருகுவது மெழுகே. லீதியாளின் கதையில் கோடு போட முடியாமல் நின்ற இடத்தில் தமிழ் மரபு இவ்வுருவகத்தை ஏற்கெனவே வைத்திருந்தது. கிருஷ்ண பிள்ளையின் அரிய பணி இதனைக் கண்டுகொண்டதே ஆகும்.

குறையும் கூறத்தக்கது. காப்பிய இலக்கணம் வேண்டும் வருணனைகளில் இவர் திளைக்கும்போது, செவி இன்புற நெஞ்சு உறங்கிவிடும் இடங்கள் உண்டு. ஈயம் பூசும் தொழிலரின் எளிய உரைநடை தைக்கும் ஆழத்திற்கு அணிமிகுந்த விருத்தம் சில வேளைகளில் இறங்குவதில்லை. பாடுகளைப் பாடும் பகுதியிலும் இசைப்பாடல்களிலும் அக்குறை நீங்கிவிடுகிறது. அங்கே கவிஞர் கதை சொல்வதை விட்டுத் தம் நெஞ்சையே முன்வைக்கிறார்.

ஆனால் பெரிய குறை நூலினிடத்து இல்லை, நம்மிடத்து உள்ளது. ‘கிறித்தவக் கம்பர்’ என்று அவரைப் பாராட்டுகிறோம். விழா மேடைகளில் இரண்டு விருத்தங்களைச் சொல்லிக் கைதட்டுப் பெறுகிறோம். சமய வேற்றுமை கடந்த தமிழின் பெருமைக்குச் சான்று என்கிறோம். இவை எல்லாம் உண்மையே. எனினும் அப்பட்டத்தைச் சொல்லிச் சொல்லி நூலை மிதித்துச் செல்லும் வழியாக்கிவிட்டோமோ என்னும் ஐயம் எழுகிறது. கம்பருக்கும் வள்ளுவருக்கும் நாம் செய்வதும் இதுவே அன்றோ? பாராட்டும் ஒருவகை முன்முடிவுதான். செவிவாயிலில் அக்கிழவன் புகழுரையோடு வீற்றிருந்தாலும் நிகழ்வது ஒன்றே.

திறந்த நெஞ்சம் வருவதையெல்லாம் வரவேற்கும் சத்திரம் அன்று என்பதையும் சொல்லிவிடுதல் நலம். பகைவனும் செவிவாயில் வழியேதான் வந்தான் என்பதனைப் பனியன் மறைக்கவில்லை. சாலமோன் கேட்கின்ற நெஞ்சை வேண்டியது நன்மை தீமைகளைப் பிரித்தறியும் பொருட்டே. பகுத்தறியாத செவி திறந்த செவி அன்று. பகுத்தறிவின் பெயரால் கேளாமலே தள்ளும் செவியும் அன்று. கேட்டபின் ஆராய்வதும், ஆராய்ந்தபின் பற்றுவதும், பற்றியதைப் பொறுமையோடு காப்பதும் ஆகிய மூன்றும் சேர்ந்ததே திறப்பு.

நாம் கண்ட ஆக்கங்களைத் தொகுத்து நோக்கின், அவை பெரும்பாலும் வெளியே நிற்பார்க்கு எழுதப்பட்டவை அல்ல என்பது தெளிவாகும். வழியருகு நிலம் பலர் நடந்த நிலம். இறுகிய நெஞ்சினர் எனக் கடியப்பட்டோர் உடனிருந்த சீடர். தட்டப்பட்ட கதவு சபையின் கதவு. அரசனை இழந்தது அவனுக்கு விருந்து வைத்த நகரம். இறைமொழியைக் கேட்டு ஏற்றவர் நெஞ்சே நாள்தோறும் மீண்டும் மூடிக்கொள்ளும் என்பதும், ஆதலின் அது நாள்தோறும் மீண்டும் உழப்பட வேண்டும் என்பதும் இவை அனைத்தும் ஒருமுகமாகக் கூறும் செய்தி. கிறித்தவர்க்கு இது வழிபாட்டு நெறி. ஏனையோர்க்கு இது நூல் கற்கும் நெறி. நன்கறிந்த நூல் என்று நாம் எண்ணும் ஒன்றை, அறியாத நூலைப் போல் அமைதியாக எடுத்து முதல் ஏட்டிலிருந்து மீண்டும் கேட்கத் தொடங்குவோமாயின், அன்று ஏர் நிலத்தில் இறங்கியது எனலாம்.